தன் வரலாற்றைத் தானே ஆராய்தல்: வியட்நாமியர் காட்டும் வழி



இம்மாதப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள், வியட்நாம் நாட்டுத் தலைநகராகிய ஹனோயில், பல்கலைக் கழகத்தைச் சார்ந்து எழுந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் பணியாகும். அந்நாட்டின் பண்பாடு, வரலாறு, சமுதாயம் ஆகிய மூன்றையும் ஆராய்வதே அதன் தொழில். தம்மம் கற்க வந்த நமக்கு அயல்நாட்டுப் பேராசிரியர்களால் ஆவதென்ன என்று சிலர் வினவலாம். வினவுதல் முறையே. விடை கூறுகின்றேன்.

நாம் யார்? நம் முன்னோர் யாவர்? அவர் வரலாற்றை எழுதியவர் எவர்? எழுதாது விட்டவர் எவர்? திரிசரணம் ஏற்ற நாள் முதல் நம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழும் வினாக்கள் இவை. இவற்றையே ஒரு நாட்டு மக்கள் அனைவரும் தமக்குள் கேட்டுக்கொண்டனர். விடை தேடுதற்கு ஆராய்ச்சிக் கூடம் அமைத்தனர். தேடும் வழியில் இனிக்கும் பொய்யும் கசக்கும் மெய்யும் ஒருங்கே எதிர்ப்பட்டபோது அவர்தம் அறிஞர் எதனைக் கைக்கொண்டனர் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

1. பாட்டன் எழுத்தைப் பேரன் படிக்க இயலாத நாடு

வியட்நாமின் வடபகுதி கி.மு. 111-இல் சீனப் பேரரசின் கீழ் வந்தது. கி.பி. 10-ஆம் நூற்றாண்டில் அம்மக்கள் விடுதலை பெற்றனர். எனினும் அதற்குப் பின்னரும் அரசாணை, கோயிற் கல்வெட்டு, பிக்குகளின் நூல் யாவும் சீன எழுத்திலேயே எழுதப்பட்டு வந்தன. தம் தாய்மொழியை எழுதுதற்குச் சீன எழுத்துகளைத் திரித்தும் சேர்த்தும் 'நோம்' என்னும் எழுத்து முறையை அவர்கள் ஆக்கிக்கொண்டனர். 17-ஆம் நூற்றாண்டில் கிறித்துவப் பாதிரிமார் வந்து, அம்மொழியை ரோமானிய எழுத்தால் எழுதும் முறையை வகுத்தனர். அம்முறையில் அமைந்த அகராதி ஒன்று 1651-இல் ரோமாபுரியில் அச்சாயிற்று.

19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் அந்நாட்டைக் கைப்பற்றினர். பழைய சீன முறைத் தேர்வுகள் 1919-இல் முற்றிலும் நின்றன. பள்ளிகளிலும் பத்திரிகைகளிலும் ரோமானிய எழுத்தே நிலைபெற்றது. புதிய எழுத்து கற்பதற்கு எளிது. எழுத்தறிவு விரைந்து பரவியது. இது நன்மையே. ஆயினும் ஒரு பெருந்தீங்கும் உடன் விளைந்தது. பாட்டன் எழுதி வைத்த குடும்ப வரலாற்றைப் பேரன் விரித்துப் பார்த்தால், ஓர் எழுத்தும் அவனுக்கு விளங்கவில்லை. ஊர்க் கோயிலின் கல்லைத் தொட்டு வணங்கலாம், படிக்க இயலாது. அவ்வூரிலேயே பிறந்தவன் அவ்வூர்க் கல்லுக்கு அயலான் ஆயினான்.

ஏடும் கல்லும் அழிந்தால் மட்டுமே வரலாறு அழியும் என்று எண்ணாதீர்கள். அவை இருந்தும் படிப்பாரின்றிப் போயினும் அஃது அழிவே ஆகும்.

2. பிறர் அமைத்த கூடம்

வியட்நாமின் பழம்பொருள்களைப் புதிய முறையில் முதன்முதல் தொகுத்தவர் பிரெஞ்சுக்காரரே. 1898-இல் தொல்பொருள் ஆராய்ச்சிக் குழு ஒன்றை அமைத்தனர். 1900-இல் அது தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆராய்ச்சிக் கூடம் என்னும் பெயர் பெற்றது. 1902-இல் ஹனோய் அதன் இருப்பிடமாயிற்று. அக்கூடத்தார் கோயில்களையும் ஊர்ப் பொதுமனைகளையும் நாடிச் சென்று, கல்வெட்டுகளின்மேல் தாளை ஒற்றி மைப்படி எடுத்தனர். அவ்வாறு எடுத்த படிகள் இருபதாயிரத்தைத் தாண்டின. பிற்காலத்தில் மூலக் கற்கள் பல போரிலும் மழையிலும் சிதைந்தன. அவற்றின் வாசகம் அப்படிகளில் பிழைத்திருக்கின்றது.

இந்நன்றியை மறுத்தல் நேர்மையன்று. ஆனால், ஆள்பவன் ஆளப்படுபவனை ஆராயும்போது வினாக்களை வகுப்பவன் ஆள்பவனே என்பதையும் மறத்தல் ஆகாது. எதனைத் தோண்டுவது, எதனைப் பெருமை என்பது, எதனைப் பிற நாட்டுக் கலையின் நிழல் என்று ஒதுக்குவது என்பதெல்லாம் அவன் விருப்பமாகின்றது.

அக்கூடத்தினுள்ளேயே வியட்நாமியர் சிலரும் புகுந்து கற்றனர். அவருள் ஒருவர் நுயென் வான் ஹுயென். இவர் 1934-இல் பாரிஸ் நகரத்துச் சொர்போன் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். இவர் ஆய்ந்த பொருள் மன்னர் போரும் அன்று, அரண்மனைச் செல்வமும் அன்று; தம் நாட்டு ஊர்ப்புறத்து இளைஞரும் மங்கையரும் எதிரெதிர் நின்று பாடும் நாட்டுப் பாடல்களே. ஏர் உழுவோர் வாய்ப்பாட்டும் பல்கலைக் கழகத்தில் ஆராய்தற்குரியது என்பதை அயலார் அவையில் நிலைநாட்டினார். விடுதலைக்குப் பின் 1946 முதல் 1975-இல் தம் மறைவு வரை வியட்நாமின் கல்வி அமைச்சராக விளங்கினார்.

3. சொந்த நிலையம்

ஹனோயில் முதன்முதல் பல்கலைக் கழகம் தோன்றியது 1906-இல், பிரெஞ்சு ஆட்சியில். 1954-இல் அவ்வாட்சி முடிந்தது. 1956-இல் விடுதலை பெற்ற வடநாட்டரசு புதிய பல்கலைக் கழகத்தை அமைத்தது. அங்கே வரலாற்றுத் துறையில் ஆசிரியப் பணி ஏற்ற இளைஞருள் ஒருவர் பான் ஹுய் லே. 1934-இல் பிறந்த இவர் 2018-இல் மறைந்தார். அறுபதாண்டுக் காலம் நாட்டு வரலாற்றை ஆராய்ந்த பேரறிஞர் இவர்.

நெடும்போர் 1975-இல் ஓய்ந்தது. 1986-இல் அரசு பொருளாதாரக் கொள்கையைத் திருத்தி, நாட்டின் கதவுகளைச் சிறிது திறந்தது. 1980-களின் இறுதியில், அயல்நாட்டறிஞரோடு கூடி வியட்நாமை ஆராய்தற்கென ஹனோய்ப் பல்கலைக் கழகத்தில் ஒரு நடுவம் தோன்றிற்று. அதனை நடத்தியவர் பான் ஹுய் லே. 1995-இல் அந்நடுவம் விரிவடைந்தது. 2004-இல் வியட்நாமியல், வளர்ச்சி அறிவியல் ஆகிய இரண்டுக்கும் உரிய ஆராய்ச்சி நிலையமாக உயர்ந்தது. அயல்நாட்டு மாணவர்க்கு வியட்நாமிய மொழியைப் பயிற்றுவதும் அதன் பணிகளுள் ஒன்றாக அமைந்தது. 1998 ஜூலையில் வியட்நாமியல் பற்றிய முதல் அனைத்துலக மாநாடு ஹனோயில் கூடியது.

முன்னர்ப் பிரெஞ்சுக் கூடத்தில் வியட்நாமியர் உதவியாளராய் இருந்தனர். இப்போது வியட்நாமியர் கூடத்தில் சப்பானியரும் ஐரோப்பியரும் அமெரிக்கரும் விருந்தினராய் வந்து உடன் ஆராய்ந்தனர். பிறர் அறிவை வெறுத்து ஒதுக்காமலும், பிறர் முடிவுக்கு அடிமைப்படாமலும் நடக்கும் வழி இதுவே. அன்பர்களே, இந்நடு வழியை உற்று நோக்குங்கள்.

4. ஆராயும் முறைகள் மூன்று

அந்நாட்டறிஞர் கையாண்ட முறைகளுள் மூன்றினை மட்டும் இங்கே கூறுகின்றேன்.

முதலாவது, எளியோர் பெயர் உள்ள ஏடுகளைத் தேடுதல். 1805 முதல் நுயென் மரபு அரசர்கள் ஊர்தோறும் நிலக்கணக்கு எழுதுவித்தனர். எந்த வயல் யாருடையது, பரப்பு எவ்வளவு, எல்லை யாது, பொது நிலம் எது, தேவர் கோயில்களுக்கும் புத்தர் கோயில்களுக்கும் உரிய நிலம் எது என்பன அவற்றில் உள்ளன. பத்தாயிரத்திற்கு மேற்பட்ட தொகுதிகள் இன்றும் எஞ்சியிருக்கின்றன. பான் ஹுய் லேயும் அவருடன் பணியாற்றியோரும் இவற்றை ஆராய்ந்து 1990-களில் நூல்கள் வெளியிட்டனர். அரச வரலாறுகள் பெண்களைப் பெரிதும் பேசுவதில்லை. நிலக்கணக்கோ, தம் பெயரில் வயல் வைத்திருந்த பெண்களை ஊர்தோறும் காட்டுகின்றது. புகழ் பாடுதற்கு எழுதிய நூல் மறைத்ததை, வரி வாங்குதற்கு எழுதிய கணக்கு வெளிப்படுத்தியது!

இரண்டாவது, ஓர் ஊரை முழுமையாக அறிதல். செவ்வாற்றுச் சமவெளியில் பாக் கோக் என்னும் ஊர் உள்ளது. சப்பானியப் பேராசிரியர் சகுராய் யூமியோவின் குழுவினர் வியட்நாமிய அறிஞரோடு கூடி, 1990-கள் தொடங்கி ஆண்டுதோறும் அங்கே திரும்பத் திரும்பச் சென்றனர். மண்ணைத் துளையிட்டுப் பார்த்தனர், கோயில்களை அளந்தனர், கல்வெட்டுகளைப் படித்தனர், வீடுவீடாகச் சென்று வரவு செலவையும் முதியோர் நினைவையும் குறித்தனர். ஒருநாள் வந்து நிழற்படம் எடுத்துச் சென்று நூல் எழுதும் அவசரம் அங்கே இல்லை. ஓர் ஊரை அறிதற்கும் ஆண்டுகள் பல வேண்டும் என்னும் பணிவு இருந்தது.

மூன்றாவது, மண்ணைக் கேட்டல். லீ மரபின் முதல் அரசர் 1010-இல் தம் தலைநகரை இன்றைய ஹனோய்க்கு மாற்றி, அதற்குத் தாங் லாங் என்று பெயரிட்டார். பௌத்த மடத்தில் வளர்ந்த இவ்வரசருக்கு வழிகாட்டியாய் இருந்தவர் வான் ஹான் என்னும் பிக்கு. பழைய அரண்மனை மண்ணுக்குள் மறைந்து போயிற்று. 2002 டிசம்பரில், புதிய பாராளுமன்றக் கட்டடம் எழுப்பக் குறித்த நிலத்தைத் தொல்லியலார் அகழ்ந்தனர். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல நூற்றாண்டுகளின் அடித்தளங்கள் வெளிப்பட்டன. அவற்றிடையே போதியிலை வடிவில் சுட்ட மண்ணணிகளும் கிடைத்தன. அரசன் கூரையில் போதியிலை விளங்கிய காலம் கதையன்று, உண்மை என்பதற்கு மண்ணே சான்று பகர்ந்தது. கட்டடத் திட்டம் மாற்றியமைக்கப்பட்டது. 2010-இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலக மரபுச் செல்வமாக ஏற்றது.

ஏடு, ஊர், மண் என்னும் இம்மூன்றும் ஒன்றையொன்று சோதிக்க வேண்டும். நூலாலையில் தறியருகே நின்று வாழ்நாளின் பெரும் பகுதியைக் கழித்தவன் நான். பாவு மட்டும் இருந்தால் அது நூல். ஊடை மட்டும் இருந்தாலும் நூலே. இரண்டும் குறுக்கிட்டு ஒன்றையொன்று இறுகப் பிடித்தால்தான் துணி. ஒற்றைச் சான்றில் நிற்கும் வரலாறும் நெய்யாத நூலேயாகும், இழுத்தால் வந்துவிடும்.

5. நாளந்தாவில் கற்ற பிக்கு

இம்முறை பௌத்த நூல்களுக்கும் பொருந்துமோ என்று நீங்கள் கேட்கலாம். பொருந்தும் என்று காட்டியவர் திக் மின் சாவ் என்னும் வியட்நாமியப் பிக்கு. இவர் 1918-இல் பிறந்தவர். இலங்கையில் பாலி கற்று, பின்னர் நம் பாரத நாட்டுக்கு வந்து பீகாரிலுள்ள நவ நாளந்தா மகாவிகாரையில் பயின்று, 1961-இல் டாக்டர் பட்டம் பெற்றார். இவர் செய்த ஆராய்ச்சி யாது? பாலி மொழியிலுள்ள மஜ்ஜிம நிகாயத்தில் 152 சூத்திரங்கள் உள. சீன மொழிபெயர்ப்பாக நிலவும் மத்தியம ஆகமத்தில் 222 சூத்திரங்கள் உள. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து, எவை பொது, எவை வேறு என்று வரிவரியாக ஒப்பிட்டார்.

வியட்நாமியப் பௌத்தர் பெரும்பாலோர் மகாயான வழியினர். சீன மூலத்தையே பல நூற்றாண்டுகளாக ஓதி வந்தவர். தம்முடையதே மூலம், பிறருடையது குறைபாடுடையது என்று இவர் கூறியிருந்தால் தம் நாட்டில் எளிதில் பாராட்டுப் பெற்றிருக்கலாம். அவ்வாறு கூறாமல் இரண்டையும் ஒப்பிட்டு, வேற்றுமையை மறையாமல் காட்டி, அடிப்படைப் போதனையில் இரண்டும் பெரிதும் ஒத்திருப்பதையும் காட்டினார். 1964-இல் தாயகம் திரும்பினார். அவ்வாண்டிலேயே பௌத்தர்கள் சைகோனில் ஒரு பல்கலைக் கழகம் நிறுவினர். பழைய பிக்கு வான் ஹானின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. திக் மின் சாவ் அதன் தலைவராயினார். போர் நெருப்பின் நடுவே நடைபெற்ற அக்கல்விக் கூடம் 1975-க்குப் பின் மூடப்பட்டது. அவரோ பணியை நிறுத்தவில்லை. பாலி நிகாயங்களை வியட்நாமிய மொழியில் பெயர்த்துக்கொண்டே இருந்தார். 1989-இல் ஹோ சி மின் நகரில் வியட்நாமியப் பௌத்த ஆராய்ச்சி நிலையம் தோன்றியபோது அதற்கும் தலைமை ஏற்றார். 2012-இல் மறைந்தார்.

கட்டடம் மூடப்படலாம், பெயர்ப்பலகை இறக்கப்படலாம். மேசைமேல் விரித்த ஏட்டை மூடாத ஒருவர் இருக்கும் வரை ஆராய்ச்சி நிலையம் அழிவதில்லை.

6. இனிக்கும் பொய்க்கு நேர்ந்த சோதனை

இனி இப்பாடத்தின் கடினமான பகுதிக்கு வருகின்றோம்.

வியட்நாமியப் பள்ளிச் சிறுவர் அனைவரும் அறிந்த பெயர் லே வான் தாம். பிரெஞ்சுப் படையை எதிர்த்த போரில், சைகோனில், இச்சிறுவன் தன் உடலில் எண்ணெய் ஊற்றித் தீ வைத்துக்கொண்டு, பகைவரின் எரிபொருள் கிடங்கினுள் ஓடி அதனை எரித்தான் என்பது கதை. பாடநூல்களில் இக்கதை இடம் பெற்றது. பள்ளிகளுக்கும் தெருக்களுக்கும் ஒரு பூங்காவுக்கும் அவன் பெயர் இடப்பட்டது.

1945-இல் விடுதலை அரசின் பிரசார அமைச்சராக இருந்தவர் திரான் ஹுய் லியூ. பின்னாளில் அவரே வரலாற்று ஆராய்ச்சி நிலையத்தின் தலைவருமானார். 1960-களில் அவர் பான் ஹுய் லேயை அழைத்து ஓர் உண்மையை வெளியிட்டார். சைகோன் கிடங்கு எரிந்தது மெய். எரித்தவர் இன்னார் என்பது அப்போது தெரியவில்லை. மக்களுக்கு ஊக்கம் ஊட்ட வேண்டி லே வான் தாம் என்னும் சிறுவனைத் தாமே புனைந்ததாகக் கூறினார். நாட்டில் அமைதி ஏற்பட்டபின் இதனை வெளிப்படுத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அவர் 1969-இல் காலமானார்.

பான் ஹுய் லே என் செய்வார்? மறைத்துவிட்டால் கேட்பார் எவருமில்லை. வெளியிட்டாலோ, தியாகிகளை இழிவுபடுத்தினான் என்னும் பழி வரும். 2005-இல் பேச்சிலும், 2009-இல் எழுத்திலும் அவர் அதனை வெளியிட்டார். எண்ணெயில் நனைந்து எரியும் உடலோடு ஒருவன் அத்துணைத் தூரம் ஓடுதல் இயலுமோ என்னும் ஐயத்தையும் எடுத்துரைத்தார். எதிர்ப்பு எழுந்தது, சிலர் சினந்தனர். ஆனால் அவர் எந்தத் தியாகத்தையும் குறைத்துக் கூறவில்லை. அப்போரில் உயிர் ஈந்தோர் உண்மையாகவே எண்ணிறந்தோர். மெய்யான தியாகிகள் அத்தனை பேர் இருக்க, அவர் புகழைக் காத்தற்குப் பொய்யான ஒருவன் எதற்கு?

இதில் வேறொன்றும் கருதத்தக்கது. பொய்யைப் புனைந்தவரே அதனைத் திருத்த விரும்பினார். கேட்டவர் நாற்பதாண்டுகள் அதனை மறவாது காத்து, தம் முதுமையில் கடனைத் தீர்த்தார். நான்காவது சீலம் பொய் பேசாமை. அச்சீலம் நம் வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் உரியதன்று. முன்னோரைப் பற்றிப் பேசும் மேடைக்கும் உரியது.

7. ஒரு கல்லும் நம் ஆசையும்

பிறர் ஆசையைச் சோதித்தோம். இனி நம் ஆசையையும் சோதிப்போம். அதற்கும் வியட்நாமிலேயே ஒரு கல் இருக்கின்றது.

அந்நாட்டின் கடற்கரையில், நா திராங் நகரை அடுத்த வோ கான் என்னும் ஊரில் கிடைத்த கல்வெட்டு ஒன்று இப்போது ஹனோய் அருங்காட்சியகத்தில் உள்ளது. தென்கிழக்காசியாவின் மிகப் பழைய சமஸ்கிருதக் கல்வெட்டுகளுள் அஃது ஒன்று. அதன் எழுத்து தென்னிந்திய எழுத்து வகையை ஒத்தது. ஸ்ரீ மாரன் என்னும் அரசனின் குலம் அதில் குறிக்கப்படுகின்றது. அதன் கருத்தில் பௌத்த மணம் கமழ்வதாக ஜார்ஜ் செதெஸ் முதலிய அறிஞர் கொண்டனர். பாண்டிச்சேரியில் 1955-இல் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய ழான் பிலியோசா அதனை ஐயுற்றார். பௌத்தம் என்று கொள்ளப் போதிய சான்றில்லை என்றார். அவரே, மாரன் என்பது பாண்டியர் பெயராகவும் வழங்குவதை எடுத்துக்காட்டி, தமிழகத்தோடு தொடர்பு இருக்கலாம் என்றும் கருதினார். அக்கல்லின் காலம் பற்றியும் அறிஞரிடையே ஒற்றுமை இல்லை.

அன்பர்களே, இதனைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் என்ன நிகழ்கின்றது? பௌத்தம் என்ற கருத்தைச் செதெஸிடமிருந்தும், தமிழன் என்ற கருத்தைப் பிலியோசாவிடமிருந்தும் எடுத்துக்கொண்டு, வியட்நாமை முதலில் ஆண்டவன் தமிழ்ப் பௌத்தன் என்று அடுத்த கூட்டத்திலேயே முழங்கத் தோன்றுகின்றதன்றோ? ஒருவர் கூற்றில் நமக்குப் பிடித்த பாதியையும், அவரை மறுத்தவர் கூற்றில் நமக்குப் பிடித்த பாதியையும் ஒட்டுப் போட்டால் வருவது வரலாறன்று. அஃது ஆசை.

காலாமர்களுக்குப் பகவான் உரைத்த உபதேசத்தை நினைவுகூருங்கள். மரபாக வந்தது என்பதற்காகவும், ஏட்டில் உள்ளது என்பதற்காகவும், நமக்கு ஏற்புடையதாய்த் தோன்றுகின்றது என்பதற்காகவும் ஒன்றனை ஏற்றுக்கொள்ளற்க என்பதன்றோ அதன் சாரம்? பிறர் புராணத்தைச் சோதித்தற்கு மட்டும் அவ்வுபதேசத்தை எடுத்து, நம் பேச்சு வரும்போது உறையில் இடுதல் தகுமோ?

8. நமக்குரிய கடமை

நம் கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்பதுண்டு: இக்கோயில் முன்னர் விகாரை, அத்தெய்வம் முன்னர் புத்தர், எல்லாவற்றையும் பறித்துக்கொண்டனர் என்பர். அவற்றுட் சில மெய்யாகவே மெய். தமிழகத்தில் பௌத்தம் பல நூற்றாண்டுகள் ஓங்கியிருந்தது என்பதற்கு நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளே சான்று. ஆனால் சான்றுள்ள ஒன்றனோடு சான்றில்லாத ஒன்பதைக் கலந்து பேசினால், கேட்பவன் பத்தையும் தள்ளிவிடுகின்றான். நமக்கு இழைக்கப்பட்ட அநீதி மெய்யானது. மெய்யான அநீதிக்குப் பொய்யான சான்று காட்டுவோமாயின், நம்மை இழிவுபடுத்தினோர்க்கு நாமே ஆயுதம் கொடுத்தவராவோம்.

பாபாசாகேப் அம்பேத்கர், தீண்டப்படாதோரின் தோற்றம் பற்றி 1948-இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில், தம் முடிவே இறுதியானது என்று உரிமை கொண்டாடவில்லை. அத்துணைக் கற்றவருக்கே அப்பணிவு இருந்ததெனில், நமக்கு எத்துணை வேண்டும்!

ஆகவே ஒவ்வொரு சங்கமும் சிறிய அளவிலேனும் ஓர் ஆராய்ச்சி நிலையமாதல் வேண்டும். அதற்குப் பெருங்கட்டடம் வேண்டுவதில்லை. ஓர் அலமாரியும், சில குறிப்பேடுகளும், பொறுமையுள்ள இருவரும் போதும். செய்யத்தக்கவை வருமாறு:

முதலாவது, சங்கத்தின் பழைய நிகழ்ச்சிக் குறிப்பேடு, வரவு செலவுக் கணக்கு, துண்டு அறிக்கை, திருமண அழைப்பு எதனையும் எடைக்குப் போடாதீர்கள். இருநூறு ஆண்டு கழித்து நம் பெண்மக்களின் பெயர் அவற்றில்தான் இருக்கும்.

இரண்டாவது, முதியோர் கூறுவதை எழுதும்போது கூறியவர் பெயர், வயது, ஊர், நாள் ஆகியவற்றை உடன் எழுதுங்கள். அவர் கண்டதையும் கேட்டதையும் வேறுவேறாகக் குறியுங்கள்.

மூன்றாவது, கல்லோ சிலையோ கண்டால் அதன்மேல் வண்ணம் பூசாதீர்கள், இடம் பெயர்க்காதீர்கள். கிடந்த நிலையிலேயே படம் எடுத்து, அளந்து, அறிந்தோர்க்குக் காட்டுங்கள்.

நான்காவது, தெரிந்தது, கருதுவது, விரும்புவது என மூன்று பத்தி இட்டு எழுதுங்கள். மூன்றாம் பத்தியிலிருந்து முதற்பத்திக்கு எதனையும் சான்றின்றிக் கடத்தாதீர்கள்.

ஐந்தாவது, நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் பழந்தமிழ் எழுத்தையும் பாலியையும் கற்கட்டும். பாட்டன் எழுத்தைப் பேரன் படிக்க இயலாத நிலை நமக்கு வேண்டா.

அடுத்த கூட்டத்தில் விடையளித்தற்குரிய வினாக்கள்:

(1) எழுத்து மாறியதால் வியட்நாமியர்க்கு விளைந்த நன்மை யாது? தீமை யாது?

(2) பிறர் தொகுத்த சான்றை ஏற்றல், பிறர் முடிவை ஏற்றல் ஆகிய இரண்டிற்கும் வேறுபாடு கூறுக.

(3) திரான் ஹுய் லியூ கூறியதைப் பான் ஹுய் லே மறைத்திருந்தால் எவர்க்கு என்ன இழப்பு?

(4) உங்கள் ஊர் பற்றி நீங்கள் நம்பிவரும் செய்தி ஒன்றினை எடுத்து, அதற்குரிய ஏடு, ஊரார் நினைவு, மண் ஆகிய சான்றுகள் எவையெனத் தனித்தனியே எழுதுக. இல்லையாயின் இல்லை என்றே எழுதுக.

நான்காம் வினாவிற்கு இல்லை என்று எழுதி வருபவரை எவரும் நகைத்தல் கூடாது. உள்ளதை உள்ளவாறு காண்பதே நற்காட்சியின் தொடக்கம். அவ்வாறு எழுதியவர் அன்றே ஆராய்ச்சியில் புகுந்தவராவார்.

நமோ புத்தாய!